மிமிக்ரிக் குரலை மறந்துவிட்டு சிவாஜியைப் பார்: குழித்துறைத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

‘தேவர் மகன்’ பார்த்துவிட்டு நீ எழுதியதைப் படித்தேன். “சிவாஜின்னாலே கத்தல்னு நெனச்சிருந்தேன், இந்த மனுஷன் இப்பிடி நடிப்பாருன்னு தெரியாமப் போச்சே” என்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வேலை இல்லை. “வயசான பொறவுதான் அடக்கி வாசிக்கக் கத்துக்கிட்டாரு போல” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய் பார், அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அவர் கற்றுக்கொள்ளவில்லை, மக்கா. முதலிலிருந்தே அவரிடம் இருந்தது. ‘பராசக்தி’ வெளிவந்தது 1952 அக்டோபரில். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 1954 ஏப்ரலில் வந்தது ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கிய ஏவி.எம். படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் சாவதில் படம் தொடங்குகிறது. விசாரணையில் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார்கள். அண்ணன் சொல்லும் ராஜன் வேறு, மனைவி சொல்லும் ராஜன் வேறு. ஒரே ஆளை, அடுத்தவர் பார்வையில் மாறிமாறித் தெரிகிற மாதிரி நடிக்க வேண்டும். அதே சமயம் கடைசியில் எல்லாம் ஒரே ஆள்தான் என்று பொருந்தவும் வேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டுக்குள் பேசுகிற குரலில்தான் பேசுகிறார். கொன்றது யார் என்று சொல்லமாட்டேன், நீயே பார். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்த பிறகு “வயசான பொறவுதான்” என்ற வாக்கியத்தை நீ திரும்ப எழுதமாட்டாய்.

பார்க்கும் முன் டி.வி.யைச் சரி செய். சிரிக்காதே, பாதித் தீர்ப்பு இங்கேதான் கெட்டுப்போகிறது. அறுபதுகள்வரை வந்த படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம். அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. உன் வீட்டு டி.வி. 16:9, அதாவது 1.78 மடங்கு. படத்தை இழுத்துத் திரையை நிறைத்தால் முகம் 30 சதவீதம் அகலமாகும். கன்னம் உப்பும், கண் விரியும், கை வீச்சு ஒன்றுக்கு ஒன்றேகால் மடங்குக்கும் மேலாகத் தெரியும். ஏற்கெனவே பெரிதாக வீசும் கையை டி.வி. இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது, பழி நடிகன் தலையில். ரிமோட்டில் 4:3 போட்டு, இரண்டு பக்கமும் கறுப்பு விழட்டும் என்று விடு. சில யூடியூப் பிரதிகளில் இழுப்பதற்குப் பதிலாக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். அதில் நெற்றியும் கைகளும் போய்விடும். சிவாஜி படத்தில் கை போனால் பாதி வசனம் போன மாதிரி. சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படங்களுக்கு நேர் எதிர்த் தொல்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) மாதிரிப் படங்களை, பழைய டி.வி.க்காகப் பக்கவாட்டில் வெட்டிய பிரதியில் பார்த்தால், அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதே தெரியாது.

அடுத்தது நிறம். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். மிஞ்சுவது ரோஸ் நிறம். அதிலிருந்து எடுத்த பிரதியில் யார் முகமும் சுண்ணாம்பும் குங்குமமும் பூசிய மாதிரிதான் இருக்கும். ‘கர்ணன்’ (1964) பார்ப்பதென்றால் 2012-இல் புதுப்பித்து மறுவெளியீடு செய்த பிரதியைத் தேடு. வித்தியாசம் முதல் காட்சியிலேயே தெரியும்.

ஒலிக்கு ஒரே விதி: போன் ஸ்பீக்கரில் கேட்காதே. அந்தச் சின்ன ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளை அநேகமாக விழுங்கிவிடும். ஆண் குரலின் அடித்தளம் 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது. அது போய்விட்டால் மேலே உள்ள கூர்மை மட்டும் கேட்கும். கூர்மை மட்டும் கேட்டால் எந்தப் பேச்சும் கத்தல்தான். ஒரு இயர்போன் போதும்.

இனி முக்கியமான தடைக்கு வருகிறேன். உன் தலைமுறை சிவாஜியைப் பார்க்கும் முன்பே சிவாஜியின் நகலைக் கேட்டுவிடுகிறது. நம்ம ஊரில் கோயில் கொடையானாலும் சர்ச் திருவிழாவானாலும் கலைநிகழ்ச்சி மேடையில் ஒரு மிமிக்ரிக்காரர் இருப்பார், அவரிடம் ஒரு சிவாஜி இருப்பார். பள்ளி ஆண்டுவிழாவில் அட்டை மீசை ஒட்டிய ஒரு கட்டபொம்மன் வரிகொடுக்க மறுப்பான். மிமிக்ரிக்கு இரண்டு நிமிடத்தில் ஆள் அடையாளம் தெரிய வேண்டும். அதனால் உச்சத்தை மட்டும் பிடிக்கும். நடுங்கும் உதடு, உருளும் கண், இழுபடும் கடைசிச் சொல். உச்சத்துக்கு அவர் எப்படி ஏறினார், எங்கே இறங்கினார் என்பதற்கு அங்கே நேரம் இல்லை. நீ இத்தனை வருடம் வெறுத்தது பெரும்பாலும் அந்த நகலைத்தான் என்பது என் கணிப்பு.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் ஜாக்சன் துரையோடு மோதும் காட்சியை எடுத்துக்கொள். வசனம் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி, துரையாக சி.ஆர். பார்த்திபன். முதல் தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேள். வசனத்தைக் காகிதத்தில் எழுதி, மூச்சு எடுக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடு. அடுத்த சுற்றில் ஒவ்வொரு துண்டின் மேலும் 1, 2, 3 என்று எண் போடு: 1 தாழ்ந்த குரல், 2 நடு, 3 உச்சம். முடித்துவிட்டுக் காகிதத்தைப் பார். பள்ளி மேடைக் கட்டபொம்மனைக் கேட்டு இதே மாதிரி எழுதினால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 3 மட்டும்தான் இருக்கும், மூச்சுக்கோடு கண்ட இடத்தில் விழுந்திருக்கும். சிவாஜியின் மூச்சுக்கோடு பொருள் முடியும் இடத்தில் விழுவதையும், 3 வரும் முன் 1-லும் 2-லும் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதையும் கவனி. மூன்றாம் சுற்றில் ஒலியை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார். துரை பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்று பார். கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் 1960-இல் இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். (மதுரை பஸ்ஸில் போகும்போது கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலை இருக்கிறதல்லவா, அது அவர் தன் செலவில் நிறுவியதுதான்.)

சரி, 3 என்ற உச்சம் எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்பாய். சிறுவயதிலேயே பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் உட்பட எல்லாம் போட்டுப் பழகிய தொண்டை அது. கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். சினிமாவுக்கு வந்த பிறகும் அந்தத் தேவை உடனே போய்விடவில்லை. அன்றைக்கு வசனத்தைப் பெரும்பாலும் செட்டிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். தூரக்காட்சி என்றால் மைக் சட்டகத்துக்கு வெளியே தூரத்தில் நிற்கும், குரலை ஏற்ற வேண்டும். குளோசப்பில் மைக் கிட்டே வரும். ஐம்பதுகளின் படங்களில் இதைக் கவனித்தால், ஷாட் மாறும்போது குரலும் கூடவே மாறுவது சில இடங்களில் காதில் படும். அந்தப் படம் ஓடியதும் டூரிங் டாக்கீஸ் கொட்டகையில், திரைக்குப் பின்னால் ஒற்றை ஸ்பீக்கர் வைத்து. வல்லினம் மெல்லினம் சுத்தமாக விழாவிட்டால் தரை டிக்கெட்டுக்கு ஒன்றும் புரியாது.

நீ மலையாளப் படம் பார்த்து வளர்ந்தவன். குழித்துறையில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்கவும் முடியாது. எண்பதுகளின் மலையாள நடிப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஐம்பதுகளின் தமிழ் நடிப்பை அளக்கிறாய். அளக்க வேண்டியது அந்தந்தக் காலத்தோடு. மலையாளத்தின் முதல் நட்சத்திர நாயகன் திக்குறிச்சி சுகுமாரன் நாயர் உன் ஊருக்குப் பக்கத்து ஆள்தான். சிவராத்திரிக்குச் சிவன் கோயில்களுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்தில், திருமலைக்கு அடுத்து ஓடி வருகிற கோயில் திக்குறிச்சி, அந்த ஊர். அவரும் நாடகத்திலிருந்துதான் வந்தார். அவருடைய ‘ஜீவித நௌகா’ (1951) கிடைத்தால் பார். அங்கேயும் மேடைதான் பேசும். இன்னொன்று: திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி நடக்கும்போது கண்ணை உருட்டுகிறான் என்று யாரும் எழுந்து போவதில்லை. அந்தக் கலையின் சட்டம் அது என்று தெரிந்து உட்கார்கிறோம். புராணப் படத்துச் சிவாஜிக்கும் அப்படி ஒரு சட்டம் உண்டு. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சிவபெருமான் குசுகுசுவென்று பேச முடியாது. அதே படத்தில் தருமி காட்சியைப் பார். நாகேஷ் புலம்புகிறார், குதிக்கிறார், சுருண்டு விழுகிறார். சிவாஜி நிமிர்ந்து நின்று சரியான இடைவெளியில் பதிலை மட்டும் கொடுத்துக்கொண்டு காட்சியை அவருக்கு விட்டுவிடுகிறார். அளவு தெரியாதவர் அந்த இடத்தில் சும்மா நிற்கமாட்டார்.

இனி நீ ஒரே ஒரு காட்சியைத்தான் பார்ப்பேன் என்றால், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘நலந்தானா’ பாட்டு. “சிவாஜி என்றால் வசனம், வசனத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை” என்பது பலரும் சொல்லும் குற்றச்சாட்டு. அதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. சிக்கல் சண்முகசுந்தரம் காயம்பட்ட கையோடு நாதஸ்வரம் வாசிக்கிறான். எதிரே மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். பதில் சொல்ல அவன் வாய் காலியாக இல்லை, உதட்டில் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தின் ஊதுவாய். இரண்டு கையும் குழலில். தலையைக்கூட இஷ்டத்துக்கு அசைக்க முடியாது, அசைத்தால் சீவாளி உதட்டை விட்டு விலகும். நடிகனுடைய பெரிய ஆயுதங்கள் எல்லாவற்றையும் கதையே பிடுங்கி வைத்துவிட்டது. மிச்சம் இருப்பது கண், புருவம், கன்னம், கழுத்து.

வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். அதைக் கேட்டுக் கேட்டு சிவாஜி உடம்பில் ஏற்றியிருக்கிறார். முதலில் ஒலியோடு பார்த்து, நீண்ட ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனதில் வாங்கிக்கொள். பிறகு ஒலி இல்லாமல் பார். காற்றுப் பிடிக்கும் இடத்தில் கன்னம் நிறைகிறதா, நீண்ட பிடியில் கழுத்து இறுகுகிறதா, வரி முடிந்ததும் உதடு தளர்கிறதா? இது வித்வானின் வேலை. அதற்கு மேலே கையின் வலி. அதற்கும் மேலே அவள் கேட்ட கேள்விக்குப் பதில், அது கண்ணில். மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் போகின்றன. பக்கத்தில் தவிலோடு டி.எஸ். பாலையா இருக்கிறார், அவர் முகத்தையும் விட்டுவிடாதே. அந்தக் காட்சியின் பாதி பாரத்தை அவர் தூக்குகிறார். சந்தேகம் இருந்தால் மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம் போ. நாதஸ்வரக்காரருக்குப் பக்கவாட்டில் நின்று கன்னத்தையும் கழுத்தையும் பார்த்துவிட்டு வந்து மறுபடி படத்தைப் போடு. நடிப்பில் பொய் எங்காவது இருந்தால் அப்போது மாட்டும்.

‘நவராத்திரி’ (1964) பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது வேடம், அவருடைய நூறாவது படம். குடிகாரன், டாக்டர், தொழுநோயாளி, கூத்தாடி என்று வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் பார். எல்லா வேடமும் ஒரே தரம் இல்லை, அதுவும் தெரியும்.

அந்த நூறாவது படம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1952-லிருந்து 1964-க்குள் நூறு படம், வருடத்துக்கு எட்டு. இருநூறாவது படம் ‘திரிசூலம்’, 1979. இத்தனை படத்தில் எல்லாம் தேறாது. எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து வந்த நிறைய படங்களில் நடிப்பு உண்மையிலேயே மிகைதான். சிவாஜி ரசிகர்கள் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் அந்த மிகை எப்படி உருவானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜூம் லென்ஸ் அப்போது மோகமாக இருந்தது. முகத்தில் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் அதே நொடியில் கேமராவும் முகத்துக்குள் பாயும், பின்னணி இசையும் டமாரென்று விழும், வெட்டி மூன்று முகங்களின் அதிர்ச்சியையும் காட்டுவார்கள். ஒரே விஷயத்தை நான்கு பேர் சேர்ந்து கத்துகிற நிலை. ‘அந்த நாள்’ கேமரா அப்படிப் பாயாது. நடிகனை நம்பி நிற்கும். எழுபதுகளில் கேமராவைக் குறை சொல்லித் தப்ப முடியாத இடங்களும் உண்டு. இயக்குநர் “அண்ணே, உங்க இஷ்டம்” என்று விட்டுவிட்ட காட்சிகள் பார்த்தாலே தெரியும். பழைய வெற்றிப் படத்தின் கைவீச்சும் தலையசைப்பும் திரும்ப வரும், ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு அதில் வேலை இருக்காது.

அதனால்தான் ‘முதல் மரியாதை’ (1985) வந்தபோது ஊரே புதுசாகப் பார்த்தது. பாரதிராஜா அவரிடமிருந்து எதையும் புதிதாக வாங்கவில்லை என்றே சொல்வேன். சேர்ந்து போயிருந்ததைக் கழித்தார். கண்ணாடி முன் தனியே நின்று பேசும் மாதிரியான வசனம் இல்லை, கிராமத்துப் பேச்சு. பாட்டில் வழக்கமாக அவருக்குப் பாடும் டி.எம்.எஸ். இல்லை, மலேசியா வாசுதேவன் குரல். இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சியில் பேச்சே தேவைப்படவில்லை. மூச்சும் முழங்காலும் தோளும் போதும். அந்த வயசு உடம்பின் பாரத்தை ஒளிக்காமல் காட்டுகிறார்.

‘தேவர் மகன்’ (1992) இயக்கியவர் பரதன், மலையாளத்துக்காரர். உனக்கு அது பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. கமல் எழுத்து, பி.சி. ஸ்ரீராம் கேமரா. திரும்பப் பார்க்கும்போது, மகன் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் இடத்தில் முன்பு சொன்ன 1, 2, 3 காகிதத்தை எடு. உச்சத்துக்கு வரும் இடங்கள் குறைவு, ஆனால் ஏறும் முறை 1959-இல் இருந்த அதே முறைதான். மூச்சுக்கோடு பொருளோடு சேர்ந்து விழுகிறது. நிறுத்தம் மட்டும் நீண்டிருக்கிறது. நீ “புதுசு” என்று நினைத்தது பழைய வித்தையின் தாழ்ந்த பாதி.

எச்சரிக்கை ஒன்று. மனசு மாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுவார்கள். நேற்று “ஓவர் ஆக்டிங்”, இன்று “நடிகர் திலகம் தொட்டதெல்லாம் பொன்”. இரண்டுக்கும் படம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆளுக்கு மார்க் போடாமல் காட்சிக்கு மார்க் போடு. இந்த ஏற்றம் இந்தக் காட்சிக்குத் தேவையா, ஏறிய பிறகு இறங்கத் தெரிகிறதா, எதிரே இருப்பவர் பேசும்போது காது கொடுக்கிறாரா? ஒரே படத்தில்கூட ஒரு காட்சி தேறும், அடுத்தது தேறாது.

மோகன்லாலா சிவாஜியா என்று கடைசியில் கேட்டிருந்தாய். அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் இருக்கும் ‘ஒரு யாத்ராமொழி’ (1997) உனக்கு மொழிபெயர்ப்பே இல்லாமல் புரியும், பிரதாப் போத்தன் இயக்கியது. மேலே சொன்னவை எல்லாம் பார்த்து முடித்த பிறகு அதைப் போடு. அதற்குப் பிறகு ‘திரிசூலம்’. அதில் எங்கே கேமரா மிகை, எங்கே நடிகர் மிகை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எனக்கு எழுது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சிவாஜியின் இரண்டாவது படம் ‘பணம்’ (1952). இயக்கியவர் நம்ம ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன். ‘பராசக்தி’யின் சூடு ஆறும் முன்பே, ஒரு நகைச்சுவைக்காரர் அவரை எப்படிக் கையாண்டார் என்று பார்க்க வேண்டிய படம். நாகர்கோவில் பக்கம் யாரிடமாவது வெட்டாத நல்ல பிரதி இருந்தால் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அண்ணன்